டாலிக்கு மகள் இருந்ததாக டிஎன்ஏ சொல்லவில்லை

"ஓவியர் சால்வதோர் டாலியின் கல்லறையைத் திறந்து நடத்திய டிஎன்ஏ சோதனையில், ஒரு பெண் அவருடைய மகள்தான் என்று உறுதியானது. ஸ்பெயினின் ஃபிகெரஸ் ஊரிலுள்ள டாலி அருங்காட்சியக வருமானத்தில் அந்தப் பெண்ணுக்குப் பங்கு போகிறது" என்று ஒரு செய்தி பரவுகிறது. கல்லறையைத் திறந்தது மட்டுமே உண்மை. மற்றது பொய்.

நீதிமன்ற உத்தரவின்படி 2017 ஜூலை 20 இரவு, பார்வையாளர்கள் போனபின், அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கும் கல்லறையிலிருந்து முடி, நகம், எலும்பு மாதிரிகளை எடுத்தார்கள். இறந்து 28 ஆண்டுகள் கழிந்தும் டாலியின் மீசை கலையாமல் இருந்ததாம். அந்த மீசைச் செய்தி உலகையே சுற்றிவந்தது. செப்டம்பரில் வந்த முடிவோ பலர் காதில் விழவே இல்லை: டாலி அந்தப் பெண்ணின் தந்தை அல்ல. வழக்கும் தள்ளுபடியானது.

பணத்துக்கு வருவோம். டாலி தன் சொத்தை ஸ்பெயின் அரசுக்கு எழுதிவைத்தார். அருங்காட்சியகத்தை நடத்துவது 1983-ல் தொடங்கப்பட்ட காலா-சால்வதோர் டாலி அறக்கட்டளை.

"டாலிக்கு முன் ஃபிகெரஸ் பெயரில்லாத கிராமம்" என்றும் அதே செய்தி சொல்கிறது. இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. 1974-ல் திறந்த அருங்காட்சியகம், ஸ்பெயின் உள்நாட்டுப் போரின் (1936–39) இறுதியில் எரிந்துபோன நகராட்சி நாடக அரங்கின் மீதுதான் எழுந்தது. ஊரை ஒட்டி 18-ம் நூற்றாண்டின் பிரம்மாண்டமான சான் ஃபெரான் கோட்டை நிற்கிறது. 1939 பிப்ரவரி 1 அன்று அந்தப் போரில் தோற்ற குடியரசின் நாடாளுமன்றம் ஸ்பெயின் மண்ணில் கடைசியாகக் கூடியது அங்கேதான். நீர்மூழ்கிக் கப்பல் முன்னோடிகளில் ஒருவரான நார்சிஸ் மொந்துரியோல் 1819-ல் பிறந்ததும் இதே ஊரில்தான்.