ஆஃப்ரோடு எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முதலில் குனிந்து அடியில் பாருங்கள்

ஜீப் ராங்லரா, ஃபோர்டு பிராங்கோவா, லேண்ட் ரோவர் டிஃபென்டரா, டொயோட்டா லேண்ட் க்ரூஸரா என்று யாராவது கேட்டால் போதும், உடனே ஓர் அட்டவணை வந்துவிடுகிறது. விலைக்குப் பத்துக்கு ஏழு, சொகுசுக்கு ஐந்து, தரத்துக்கு எட்டு. கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒரு வண்டிக்கு மாலை போட்டுவிடுகிறார்கள். இந்த முறையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆஃப்ரோடு வண்டியில் விலை, சொகுசு, தரம் மூன்றையும் பிரித்து மதிப்பெண் போட முடியாது. அடியில் சக்கரங்களைத் தாங்கும் ஆக்ஸில் எந்த வகை, எந்தச் சட்டத்தின் (பிரேம்) மேல் பாடி உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே மூன்றும் பெரும்பாலும் முடிவாகிவிடுகின்றன. சீட்டில் ஏறி உட்காருவதற்கு முன்னால் குனிந்து அடியில் பாருங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் நான் சொல்வது அதனால்தான்.

ராங்லரை எடுத்துக்கொள்வோம். முன்னாலும் சாலிட் ஆக்ஸில், பின்னாலும் சாலிட் ஆக்ஸில். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே கனத்த இரும்புக் குழாய் இணைக்கிறது. ஒரு சக்கரம் பாறை மேல் ஏறினால், அதே ஆக்ஸில் மறுபக்கச் சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. டயர் லேசில் தரையை விடாது. இரண்டு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஆக்ஸிலோடு சேர்ந்தே இருப்பதால், சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கினாலும் அது தரையை நெருங்குவதில்லை. கல்லும் குழியுமான இடத்தில் மெதுவாக ஊர்ந்து போக இதைவிட நம்பகமான ஏற்பாடு கிடையாது.

அதே ஆக்ஸில்தான் நெடுஞ்சாலையில் நம்மைப் படுத்துகிறது. ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடி மறுபக்கத்துக்கும் போகிறது. அவ்வளவு எடையுள்ள இரும்பு மேலும் கீழும் ஆடும்போது ஷாக் அப்சார்பரால் சட்டென்று அடக்க முடிவதில்லை. போதாததற்கு ரீசர்குலேட்டிங் பால் என்ற பழைய வகை ஸ்டியரிங். நேரான சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுகூட கை சும்மா இருக்காது. இந்தப் பக்கம் ஒரு விரல் அளவு, அந்தப் பக்கம் ஒரு விரல் அளவு என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட பயணம் முடிந்து இறங்கும்போது முன்கை இறுகிப் போயிருக்கும். இதைப் போய் 'தரம் குறைவு' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாறையில் கிடைத்த பிடிமானத்துக்கு நெடுஞ்சாலையில் வட்டி கட்டுகிறோம், அவ்வளவுதான். தெரிந்து வாங்கினால் அதில் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் ஆறே மாதத்தில் விற்க ஆள் தேடுகிறார்கள்.

ஃபோர்டு இந்த இடத்தில்தான் புத்திசாலித்தனமாக யோசித்தது. 1966இல் பிறந்து 1996இல் நின்றுபோன பிராங்கோவை 2021இல் திரும்பக் கொண்டுவந்தபோது, பின்னால் மட்டும் சாலிட் ஆக்ஸில் வைத்துவிட்டு முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஆடும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். ஸ்டியரிங்கும் கார்களில் வழக்கமாக இருக்கும் ரேக் அண்ட் பினியன் வகை. தார்ச்சாலையில் ராங்லரிலிருந்து இறங்கிப் பிராங்கோவில் ஏறினால் இரண்டாவது வளைவிலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். திருப்பினால் திரும்புகிறது, விட்டால் நேராகிறது. வேகமாகப் போகும் மண் பாதையிலும் பிராங்கோதான் நிதானமாக இருக்கிறது. பெரிய பாறைகளுக்கு நடுவே மட்டும் ராங்லரின் முன் ஆக்ஸில் வளைந்து கொடுக்கும் அளவுக்கு இது வளைந்து கொடுக்காது. உலகத்தில் ஆஃப்ரோடு வண்டி வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் அப்படிப்பட்ட பாறைக்கு வண்டியைக் கொண்டு போவதே இல்லை என்பது என் கணிப்பு. அவர்களுக்குப் பிராங்கோதான் பொருத்தம் என்பேன்.

இரண்டிலுமே கதவைக் கழற்றலாம், கூரையைக் கழற்றலாம். கழற்றிப் பார்த்தால் எந்த அளவுக்கு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்பது தெரியும். ராங்லரில் பக்கக் கண்ணாடி கதவோடு சேர்ந்தது. கதவைக் கழற்றினால் கண்ணாடியும் போய்விடும். பின்னால் வருவதைப் பார்க்க வேறு கண்ணாடி வாங்கிப் பொருத்த வேண்டும். பிராங்கோவில் கண்ணாடி பாடியிலேயே, விண்ட்ஷீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதவு போனாலும் கண்ணாடி இருக்கும். நாலு கதவு மாடலில் கழற்றிய கதவுகளை வண்டியின் பின்பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் உண்மையிலேயே கதவைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்துச் செய்த வடிவமைப்பு இது. எனக்குத் தரம் என்றால் இதுதான்.

அதே பிராங்கோவின் தொடக்கக் கால ஹார்ட்டாப் கூரையில் பிரச்சினை வந்து, அதுவரை பொருத்திய அத்தனை கூரைகளையும் மாற்றித் தருவதாக 2021இல் ஃபோர்டு அறிவிக்க வேண்டியிருந்தது. கண்ணாடியை அவ்வளவு யோசித்தவர்கள் கூரையில் கோட்டை விட்டார்கள். ஆகவே புது மாடல் வந்த முதல் வருடமே ஓடிப் போய் வாங்காதீர்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி.

தரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஷோரூமில் டாஷ்போர்டை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று இருந்தால் நல்ல தரம், கெட்டியாக இருந்தால் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சேறும் தண்ணீரும் உள்ளே வரப்போகிற வண்டியில் துடைத்தால் போகிற கெட்டிப் பிளாஸ்டிக்தான் வேண்டும். பிராங்கோவில் ரப்பர் தளமும் தண்ணீர் வடிய அடைப்பானும் வைத்த மாடல்கள் உண்டு. அதைப் பார்த்து யாராவது முகம் சுளித்தால் அவர்களுக்குத் தேவை வேறு வகை வண்டி. நான் பார்ப்பது வேறு விஷயங்கள். இழுத்துக் கட்டும் கொக்கி நேராகச் சட்டத்தில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறதா? டேங்குக்கும், முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் இரும்புத் தகடு இருக்கிறதா, பிளாஸ்டிக் மூடியா? ஒயர்கள் சட்டத்துக்கு உள்பக்கமாகப் போகின்றனவா, கல் அடிக்கிற மாதிரி தொங்குகின்றனவா? இதைப் பார்க்க நல்ல டார்ச் லைட் ஒன்று போதும்.

பாதுகாப்பும் தரத்தில்தான் சேர்த்தி. 2018இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ராங்லருக்கு ஒரே ஒரு ஸ்டார்தான் கிடைத்தது. 2020இல் அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்ற வாகனப் பாதுகாப்பு அமைப்பு ஓட்டுநர் பக்க முன் மூலையில் மோதவைத்துச் சோதித்தபோது, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. பக்கவாட்டு கர்ட்டன் ஏர்பேக்கே 2024 மாடலில்தான் வந்து சேர்ந்தது. ராங்லரை எவ்வளவு நேசித்தாலும் இதற்கு நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஆஃப்ரோடு வண்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். 2019இல் மெர்சிடிஸின் புது ஜி-கிளாஸும் 2020இல் புது டிஃபென்டரும் அதே யூரோ என்கேப்பில் ஐந்து ஸ்டார் வாங்கின. ஜி-கிளாஸில் இருப்பதும் ராங்லரைப் போல லேடர் பிரேம்தான், அதாவது ஏணி வடிவ இரும்புச் சட்டம். அதனால் அந்தச் சமாதானம் எடுபடாது.

டிஃபென்டர் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. பழைய டிஃபென்டர் 2016 ஜனவரியோடு நின்றது. 2019இல் வந்த புதியதில் லேடர் பிரேம் கிடையாது. சட்டமும் பாடியும் ஒன்றான அலுமினிய மோனோகாக் அமைப்பு, நாலு சக்கரத்துக்கும் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன். பழைய ரசிகர்கள் இதைத் துரோகம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏர் சஸ்பென்ஷனை உயர்த்தினால் 291 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ், 900 மில்லிமீட்டர் ஆழம்வரை தண்ணீரைக் கடக்கலாம். இவ்வளவு செய்துவிட்டு, நெடுஞ்சாலையில் சொகுசுக் கார் மாதிரி மிதந்து போகிறது. சொகுசை ஆடம்பரம் என்று ஒதுக்குவது தவறு. நாள் முழுக்க மோசமான பாதையில் குலுங்கியவன் சாயங்காலம் தப்பான கோட்டில் சக்கரத்தை விடுகிறான். களைப்பில்லாதவன் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறான். அந்த விதத்தில் சொகுசும் ஒரு ஆஃப்ரோடு திறமைதான். டிஃபென்டரில் எனக்கு இருக்கும் தயக்கம் வாரண்டி முடிந்த பிறகு வரும் காலத்தைப் பற்றியது. காயில் ஸ்பிரிங் உடைந்தால் எந்த மெக்கானிக்கும் மாற்றிவிடுவார். ஏர் சஸ்பென்ஷனில் காற்றுப் பை, கம்ப்ரஸர், சென்சார், அதையெல்லாம் ஆளும் கம்ப்யூட்டர் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. காயில் ஸ்பிரிங்கோடு கிடைக்கும் மாடல் இருந்தால் அதை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ரிப்பேர் என்று வந்துவிட்டாலே பேச்சு லேண்ட் க்ரூஸரில்தான் போய் நிற்கும். 1984இல் வந்த 70 வரிசை இன்றும் தயாரிப்பில் இருக்கிறது. ஐநா அமைப்புகளும் நிவாரணக் குழுக்களும் சாலையே இல்லாத பகுதிகளுக்கு இதைக் கொண்டு போவதற்குக் காரணம் வேகமும் இல்லை, சொகுசும் இல்லை. பாகம் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் கிடைப்பார். 2021இல் வந்த 300, 2023இல் அறிமுகமான 250 இரண்டும் முன்னால் இன்டிபென்டன்ட், பின்னால் சாலிட் ஆக்ஸில் என்ற நடுவழியைப் பிடித்தவை. பெயரை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொண்டும் வாங்க வேண்டாம். 2024இல் எஞ்சினுக்குள் தங்கிவிட்ட உலோகத் துகள்களுக்காக டன்ட்ரா பிக்கப்பையும் லெக்சஸ் எல்எக்ஸையும் டொயோட்டா அமெரிக்காவில் ரீகால் செய்தது. 300இல் பல நாடுகளில் பெட்ரோல் எஞ்சினாக வருவதும் அதே இரட்டை டர்போ வி6 குடும்பம்தான். ஆனாலும் பத்து வருடம் வைத்து ஓட்ட ஒரு வண்டி சொல்லுங்கள் என்று கேட்டால், என் வாயில் முதலில் வருவது லேண்ட் க்ரூஸர்தான்.

சரி, விலைக்கு வருவோம். ஒரே மாடலில் அடிமட்ட வேரியன்டுக்கும் உச்ச வேரியன்டுக்கும் இருக்கும் வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தப் பணம் எங்கே போகிறது? ராங்லர் ரூபிகானில் அது உருப்படியான இடத்துக்குப் போகிறது: இடது வலது சக்கரங்களைச் சேர்த்துப் பூட்டும் லாக்கர் முன்னும் பின்னும், மெதுவாக ஊர்ந்து போக 4:1 லோ ரேஞ்ச் கியர், வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும், பட்டனைத் தட்டினால் விடுபடும் ஸ்வே பார். லாக்கர் என்ன செய்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் மறக்க மாட்டீர்கள். எதிரெதிர் மூலைகளில் இரண்டு சக்கரம் அந்தரத்தில் தொங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த இரண்டும் விர்ரென்று வெறுமனே சுற்றும். தரையில் இருக்கும் இரண்டும் அசையாமல் நிற்கும். லாக்கரைப் போட்டதும் அடியில் டக் என்று ஒரு சத்தம். நாலு சக்கரமும் ஒரே வேகத்தில், ரொம்ப மெதுவாகச் சுற்றத் தொடங்கும். எஞ்சின் சத்தம்கூட உயராது, வண்டி தானாக ஏறிவரும்.

பல வண்டிகளில் உச்ச வேரியன்டின் பணம் பெரிய அலாய் வீலுக்கும் திரைக்கும் தோல் சீட்டுக்கும் போகிறது. பெரிய அலாய் என்றால் டயரின் பக்கச் சுவர் குட்டையாகிவிடும். மணலில் காற்றை இருபது பிஎஸ்ஐக்குக் குறைத்தால் பரந்து பிடிக்க வேண்டியது அந்தச் சுவர்தான். நண்பர் ஒருவர் உச்ச வேரியன்ட் வாங்கி, முதல் கரடுமுரடான பாதையிலேயே கூர்மையான கல் ஒன்றில் டயரின் பக்கத்தைக் கிழித்துக்கொண்டார். கூடுதல் பணம் கொடுத்து ஆஃப்ரோடு திறமையைக் குறைத்து வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. என் கருத்தில் இந்த வண்டிகளில் புத்திசாலித்தனமான கொள்முதல் பெரும்பாலும் கீழிருந்து இரண்டாவது வேரியன்டும் ஒரு நல்ல ஆல்-டெரைன் டயர் செட்டும்தான்.

சுஸுகி ஜிம்னியைச் சொல்லாமல் விட முடியாது. லேடர் பிரேம், இரண்டு சாலிட் ஆக்ஸில், லோ ரேஞ்ச். ராங்லரின் எலும்புக்கூடு அப்படியே, எடை மட்டும் சுமார் 1,100 கிலோ. சேற்றில் கனமான வண்டி புதையும் இடத்தில் இது மேலாகப் போய்விடுகிறது. ஜி-கிளாஸுக்குக் கொடுக்கும் பணத்தில் பல ஜிம்னி வாங்கலாம். குறைகளும் வெளிப்படையானவை: 1.5 லிட்டர் எஞ்சின் நெடுஞ்சாலை ஏற்றத்தில் திணறும், பின் சீட்டை மடக்காவிட்டால் 85 லிட்டர் டிக்கியில் ஒரு பைதான் வைக்கலாம், 2018இல் யூரோ என்கேப்பில் மூன்று ஸ்டார். 2023இல் ஐந்து கதவு ஜிம்னி வந்தது. இடம் கூடியது, வீல்பேஸ் நீண்டதால் மேட்டின் உச்சியில் வயிறு இடிக்காமல் கடக்கும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24க்குக் குறைந்தது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது நியாயமான பேரம்.

ஜி-கிளாஸில் மூன்று டிஃபரன்ஷியல் லாக் இருக்கிறது, 1979இலிருந்து வரும் பரம்பரை இருக்கிறது, அற்புதமான வண்டி. அந்த மூன்று பட்டன்களையும் ஒருமுறைகூட அழுத்தாமலே விற்கப்படும் ஜி-கிளாஸ்களை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

வாங்க முடிவு செய்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். டெஸ்ட் டிரைவுக்கு டீலர் காட்டும் வழவழப்பான சாலையில் மட்டும் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லோரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பின் சீட்டில் பெரியவர் ஒருவரை உட்கார வையுங்கள். மேடு பள்ளமான சாலையில் கொஞ்ச நேரம், நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள். பிறகு ஓரமாக நிறுத்தி, பின் சீட்டில் இருந்தவரிடம் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அப்புறம் ஸ்பேர் டயர் மற்ற நாலோடு ஒரே அளவா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் ஏதாவது ஒன்றை வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருந்தால், எந்தப் பாகம் முதலில் தேய்ந்தது, அதை மாற்ற எவ்வளவு நாள் காத்திருந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும்.