'சிறு சேதம்' என்றால் யாருக்குச் சிறிது?

நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அந்த வீடியோ வந்தது. 2019 ஏப்ரல் 1 அன்று பினாங்கு தஞ்சோங் தொக்கோங் பக்கம் கடலில் வெள்ளையாக ஒரு தூண், அதாவது நீர்த்தாரை என்கிற சுழல்காற்று, எழும்பி, அப்படியே கரைக்கு நகர்ந்து வந்து கூரைகளைப் பிய்த்துப் போட்டதே, அதுதான். 'வானம் கடல்நீரை உறிஞ்சும் அதிசயம்' என்று தலைப்பு வேறு. அன்றைக்கு முதலில் பார்த்தபோது, தேதியை வைத்து யாரோ முட்டாள் தின விளையாட்டு காட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அத்தை போன் செய்தார். அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். பின்கட்டில் சமையலுக்கு இறக்கியிருந்த கூரையின் சிங்குத் தகடு இரண்டு பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுச் சாக்கடையில் கிடந்தன. "பெரிசா ஒண்ணுமில்லப்பா" என்றார், குரல் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

முதலில் அந்த 'உறிஞ்சும்' கதையை முடித்துவிடுகிறேன். மேகம் கடலில் நீர் முகந்து வருகிறது என்று காலங்காலமாகப் பாடி வந்தவர்கள் நாம், அதனால் இதைப் பார்த்ததும் அப்படித் தோன்றுவதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தூணில் தெரிவது பெரும்பாலும் கடல்நீர் இல்லை. சுழலுக்கு நடுவில் காற்றழுத்தம் குறைகிறது, காற்று குளிர்கிறது, அதிலுள்ள ஈரம் துளிகளாகிறது. மேகம் உண்டாகிற அதே வேலைதான். அடியில் மட்டும் உப்புநீர் கொஞ்சம் சிதறி வளையமாகச் சுழலும், அவ்வளவே.

இதிலும் இரண்டு சாதி உண்டு. பெரிய இடிமழை மேகத்திலிருந்து இறங்குவது நிஜமான டொர்னாடோ, அதாவது தரையில் வீசுகிற அதே பலத்த சுழல்காற்று, தண்ணீர்மேல் நிற்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம். இன்னொன்று, காற்று அதிகமில்லாத நாளில், வெதுவெதுப்பான கடல்மேல், வளர்ந்துகொண்டிருக்கும் சாதாரண மேகத்துக்குக் கீழே தண்ணீர் மட்டத்திலிருந்து மேலே எழும்புவது. நாம் அதிகம் பார்ப்பது இந்த இரண்டாவது சாதிதான். பெரும்பாலும் இருபது நிமிடத்துக்குள் கலைந்துவிடும். கரையேறினால், உயிர் கொடுத்த ஈரக்காற்று கிடைக்காமல், மரமும் கட்டடமும் தடுக்க, சீக்கிரமே தளர்ந்துவிடும். ஆனால் அந்தச் சீக்கிரத்துக்குள் யார் வீடு எதிர்ப்படுகிறதோ அவர் பாடு திண்டாட்டம்.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இந்த மாதிரிச் செய்திகளில் கடைசியில் ஒரு வரி வரும்: பலவீனமான சுழல், சிறு சேதம். பலவீனம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் தெரியுமா? அமெரிக்காவில் 2007 முதல் பயன்படுத்துகிற மேம்படுத்தப்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றை நேரே அளந்து எண் போடுவதில்லை (சுழலுக்குள் யார் போய்க் கருவி வைப்பது?), எது உடைந்தது, எவ்வளவு உடைந்தது என்று பார்த்துவிட்டு, காற்று இவ்வளவு இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள். அதில் ஆகக் கடைசிப் படி இஎஃப்0, மணிக்கு 105 முதல் 137 கிலோமீட்டர் வரை. அதுதான் 'பலவீனம்'. காங்கிரீட் அடுக்குமாடியில் இருப்பவருக்கு அது ஜன்னல் அதிரும் சத்தம். ஒட்டுக்கடைக்காரருக்கு அன்றைய பிழைப்பே போச்சு. பறக்கும் சிங்குத் தகடு கழுத்து மட்டத்தில் வந்தால் அதைச் சிறு சேதம் என்று எழுத முடியுமா?

பணக் கணக்கிலும் இதே கதைதான். அத்தை, வீட்டுக்குக் காப்புறுதி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தார். எடுத்துப் பார்த்தால் அடிப்படைத் தீக் காப்புறுதி. தீ, மின்னல், வெடிப்பு என்று அடங்கிவிடும், புயல்காற்று வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. தகடு, ஆணி, கூலி எல்லாம் கையிலிருந்துதான். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை இன்றைக்கு ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

உலகத்திலேயே நீர்த்தாரை அதிகம் தோன்றும் இடம் என்று பெயரெடுத்தது அமெரிக்காவின் புளோரிடா கீஸ் தீவுகள். அங்கே கடலில் இருக்கும்போது படகுக்காரர்களுக்கு எச்சரிக்கை, கரையைத் தொடப்போகிறது என்றால் உடனே டொர்னாடோ எச்சரிக்கை. 'சும்மா நீர்த்தாரைதானே' என்ற பேச்சே கிடையாது. நம் ஆட்கள் என்னடா என்றால், தூண் கண்ணில் பட்டதும் போனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடுகிறார்கள். படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: அது இடமோ வலமோ நகராமல் அதே இடத்தில் நின்று பெரிதாகிக்கொண்டே போவதுபோல் தெரிந்தால், அது நிற்கவில்லை, உங்களை நோக்கித்தான் வருகிறது. கடலில் இருந்தால் அது வரும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள். கரையில் இருந்தால் காங்கிரீட் கட்டடத்துக்குள், கண்ணாடிக்குத் தள்ளி.

அத்தை புதுத் தகடு போட்டதும் அதன்மேல் ஏழெட்டுச் செங்கல்லும் ஒரு பழைய டயரும் ஏற்றி வைத்திருக்கிறார். காற்று வந்தால் அந்தச் செங்கல்லே பறக்கும், கழற்றிவிட்டு நல்ல திருகாணியாகப் போடுங்கள் என்று ஐந்து வருடத்துக்கு மேலாகச் சொல்கிறேன். போன வாரமும் சொன்னேன். "நீ வந்து ஏறிப் போட்டுக் குடு, நான் எறக்கிடறேன்" என்கிறார்.