பசி மட்டும் போதாது தம்பி

"பசி முற்றினால் புரட்சி தானாக வெடிக்கும். 1789 பிரான்ஸும் 2015 மூணாறும் சாட்சி" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது அப்படியில்லை.

நான் கேரளாவின் மூணாறில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவன். ஒரு அறை, ஒரு அடுப்படி, மழை பெய்தால் மூலையில் ஒரு வாளி. தாத்தா காலத்திலிருந்தே அதே வறுமைதான். பசிதான் காரணம் என்றால் எப்போதோ வெடித்திருக்க வேண்டும். 2015 செப்டம்பரில் தோட்டத்தில் வேலை செய்த பெண்களை ரோட்டில் உட்கார வைத்தது, 20 சதவீத போனஸ் 10 ஆனதும், நமக்காகப் பேச வேண்டிய யூனியன் தலைவர்களே நிர்வாகத்தோடு கைகோத்துவிட்டார்கள் என்ற கோபமும்தான். தலைவர்களையே விரட்டிவிட்டார்களே! அப்புறம், அது புரட்சி இல்லை, வேலைநிறுத்தம். ஆட்சி எதுவும் மாறவில்லை.

பிரான்சுக்கு வருவோம். 1775இலும் ரொட்டி விலை ஏறிக் கலவரம் நடந்தது. படையை இறக்கி அடக்கினார்கள், அரசு ஆடவில்லை. 1789இலும் ரொட்டி விலை உச்சத்தில்தான். ஆனால் அப்போது கஜானா காலி. வரிவிலக்கை விட்டுத்தர பிரபுக்கள் மறுத்ததால், 1614க்குப் பிறகு கூடாத மூன்று வகுப்பாரின் (குருமார், பிரபுக்கள், பொதுமக்கள்) சபையை மன்னர் கூட்ட வேண்டியதாயிற்று. அங்கே மூன்றாம் வகுப்பாரின் பிரதிநிதிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் வக்கீல்களும் அலுவலர்களும். பட்டினி கிடந்தவர்கள் இல்லை.

ஏற்றத்தாழ்வு காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது காய்ந்த சருகு. தீக்குச்சி வேறு எங்கிருந்தோ வருகிறது.