ஒரு மாதம் கழித்து எழுத்தாளரைக் கூப்பிடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் நான் வழக்கமாகப் புத்தகம் வாங்கும் சின்னக் கடையில் ஒரு நாவலாசிரியரோடு சந்திப்பு நடந்தது. மொத்தம் 23 பேர், எண்ணிப் பார்த்தேன். அதில் 14 பேர் அந்த நாவலை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தோம். இந்த 14தான் மூன்று நாளாக என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் இந்த நீளமான பதிவு. கடை நடத்துகிறவர்களும் இலக்கியக் கூட்டம் நடத்துகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

நான் இருபது வருடமாக இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூல் வெளியீட்டு விழாக்களுக்குப் போகிறவள். அழைப்பிதழ் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை நாலு பேர், நூலை வெளியிடுபவர், முதல் பிரதி பெற்றுக்கொள்பவர், சிறப்புப் பிரதி பெற்றுக்கொள்பவர்கள் என்று ஒரு நீண்ட வரிசை, ஆய்வுரை, எல்லாம் முடிந்த பிறகு ஏற்புரை. புத்தகம் அன்றைக்குத்தான் அச்சகத்திலிருந்து வந்திருக்கும், சில சமயம் மை வாசனை கூடப் போயிருக்காது. மேடையில் இருப்பவர்களில் ஒருவரோ இருவரோ பிடிஎஃப்பில் படித்திருப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவர்கள் எதைக் கேட்க முடியும்? கை தட்டலாம், பொன்னாடை போடும்போது போட்டோ எடுக்கலாம், டீ குடித்துவிட்டு பஸ் பிடிக்கலாம்.

ஒரு விழா எனக்கு மறக்கவே மறக்காது. 5 மணி என்று போட்டிருந்தார்கள், ஆறேகாலுக்குத் தொடங்கியது. எழுத்தாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி 8:40. மார்த்தாண்டம் பக்கம் போகிறவர்கள், கருங்கல் பக்கம் போகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்த கொஞ்சம் பேரிடம் அவர் ஏழு நிமிடம் பேசினார். எட்டு வருடம் உழைத்து எழுதிய புத்தகம் அது. நானும் தக்கலைக்குப் போக வேண்டியவள், இருந்தாலும் அன்றைக்கு எழுந்து போக மனம் வரவில்லை.

வெளியீட்டு விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் புத்தகம் போட்டவருக்கு அது பிள்ளைக்குப் பேர் வைக்கிற நாள் மாதிரி. சொந்தக்காரர்கள் வரட்டும், கூட வேலை பார்த்தவர்கள் வரட்டும், பொன்னாடை போடட்டும், அவருடைய அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் அது குடும்பத்துக்கும் நண்பர்களுக்குமான நாள். ஒரு புத்தகக் கடை தன் கையில் இருக்கிற கொஞ்ச நஞ்சப் பணத்தையும் நேரத்தையும் அந்த ஒரு நாளில் செலவழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. புத்தகம் வந்து நாலைந்து வாரம் கழித்து, படித்தவர்கள் கையில் கோடு போட்ட பிரதியோடு வந்து உட்காரும் நாளில்தான் கடை எழுத்தாளரைக் கூப்பிட வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

தமிழில் புதுப் புத்தகம் எப்போது வரும்? பெரும்பாலும் சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டித்தான் வரும். 1977இல் தொடங்கிய காட்சி அது, இப்போது தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர்கள், பதிப்பாளர்கள் சங்கமான பபாசி நடத்துகிறது. டிசம்பர், ஜனவரியில் பதிப்பகங்கள் எல்லாம் ஒரே மூச்சில் புத்தகம் கொண்டுவரும். அந்தப் புத்தகங்கள் பார்சலில் ஏறி நம் ஊருக்கு வந்து சேர ஜனவரி கடைசி ஆகிவிடும். சென்னையில் எல்லோரும் பேசி முடித்த பிறகு நமக்குக் கிடைக்கிறதே என்று நானும் முன்பு குறைபட்டிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காட்சி நடக்கிற நாட்களில் எழுத்தாளர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, பதிப்பாளர்களுக்கும் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் அவர்கள் ஓய்ந்திருப்பார்கள், நாமும் படித்து முடித்திருப்போம். தெற்குக் கோடியில் இருப்பதால் நமக்குக் கிடைத்த நல்ல நேரம் என்றுதான் இதைச் சொல்வேன்.

கடைக்கார அண்ணாச்சி புதுவரவுகளை அலமாரியில் செருக மாட்டார். வாசல் பக்கம் ஒரு மேசை, அதில் அட்டை மேலே தெரியும்படி பரத்தி வைப்பார். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுத்தாள், அவர் கையெழுத்தில் இரண்டு வரி: எதைப் பற்றிய புத்தகம், எத்தனை பிரதி வந்தது. இந்த நாவலின் மேல் ‘கடலோரக் கதை, 5 வந்தது’ என்று எழுதியிருந்தது. நான் எடுத்தபோதே அண்ணாச்சி சொன்னார், “டீச்சர், இதை எழுதினவர் அடுத்த மாசம் வாறாரு. படிச்சிட்டு வாங்க.” வாங்கின ஒவ்வொருவரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறார். ஐந்தும் போய், மறுபடி ஆறு வரவழைத்தார். 11 பிரதி, கைமாறிப் படித்தவர்கள் மூன்று பேர், ஆக 14.

கூட்டத்தில் மேடை கிடையாது, மைக் கிடையாது. வட்டமாக நாற்காலி. எழுத்தாளர் முதலில் பத்து நிமிடம் பேசினார், அவ்வளவுதான். அப்புறம் குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் பேச ஆரம்பித்தார், விசைப்படகில் முப்பது வருடம் போனவர்.

“தம்பி, குறையா நெனைக்கப்பிடாது. மே மாசம் கொளச்சல்ல படகெல்லாம் கடல்லயில்லா கெடக்கும்? நீங்க கரையில கட்டிப் போட்டிருக்கியளே.”

நாவலில் ஒரு முக்கியமான இடம் அது. மே மாதம் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் கிடக்கிறது, அதனால்தான் கதாநாயகன் வேறு வேலை தேடி ஊரைவிட்டுப் போகிறான். எழுத்தாளர் கிழக்குக் கடற்கரையில் வளர்ந்தவர். அங்கே விசைப்படகுகளுக்குத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள்தான். ஆனால் நம் மாவட்டத்துக்கு மட்டும் இரண்டு கணக்கும் உண்டு. சின்னமுட்டம் துறைமுகத்தில் கிழக்குக் கரைக் கணக்கு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டினம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கு. ஒரே மாவட்டத்தில் ஒரு துறையில் படகு கட்டிக் கிடக்கும்போது இன்னொரு துறையில் மீன் இறங்கிக்கொண்டிருக்கும். இங்கே இவ்வளவு காலம் இருக்கிற எனக்கே அந்த இடம் உறுத்தவில்லை, படித்துக்கொண்டே தாண்டிப் போயிருக்கிறேன்.

எழுத்தாளர் பேனாவை எடுத்துவிட்டார். பெரியவரிடம் கேள்வி கேட்க ஆரம்பித்ததே அவர்தான். ஆனி, ஆடியில் இந்தப் பக்கம் கடல் எப்படி இருக்கும், அந்தச் சமயத்தில் படகில் போகிறவன் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வான், கடன் யாரிடம் வாங்குவான் என்று அரைமணி நேரம். கதாநாயகன் ஊரைவிட்டுப் போவதை மழைக்காலத்துக்கு மாற்றினால் அந்த அத்தியாயமே வேறு மாதிரி ஆகிவிடும், இன்னும் பலமாக வரும் என்று அவரே சொன்னார். அடுத்த பதிப்பில் திருத்துவதாகவும் சொன்னார். வெளியீட்டு விழாவில் இந்தப் பெரியவர் என்ன செய்திருப்பார்? மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, பிரதியை வாங்கிக்கொண்டு, வீட்டில் போய்ப் படித்து, மே மாதத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியிருப்பார். எழுதினவருக்கு அது கடைசிவரை தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் கேட்ட கேள்வியும் பெரிது. நாவலின் இரண்டாம் பாதியில் அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தெரிந்துதான் அப்படி எழுதினீர்களா என்று கேட்டாள். அவர் உடனே பதில் சொல்லவில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெரியாமல்தான் நடந்திருக்கிறது என்று ஒத்துக்கொண்டார். படித்தவர்கள் முன்னால் உட்கார்ந்தால்தான் ஒரு எழுத்தாளருக்கு இப்படியொரு சாயங்காலம் அமையும்.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் ‘கடைக்கு இதில் என்ன லாபம்’ என்று கேட்பார்கள். அண்ணாச்சியிடம் உட்கார்ந்து நானே கணக்குப் போட்டேன். புத்தகத்தின் விலை 320 ரூபாய். பதிப்பகம் அவருக்கு 30 சதவீதம் கழிவு தருகிறது, அதாவது 96 ரூபாய். அதில் வாசகருக்கு 10 சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறார், 32 போய்விட்டது. கையில் நிற்பது 64. ஐந்து வாரத்தில் விற்றது 11, கூட்டத்தன்று இன்னும் 6. ஆக 1,088 ரூபாய். வாடகை நாற்காலி, எல்லோருக்கும் டீ, பழம்பொரி, எல்லாம் சேர்த்து 820 ரூபாய் செலவு. மிச்சம் 268. பார்சல் கூலி இதில் சேரவில்லை, கடை வாடகையும் கரண்ட் பில்லும் சேரவில்லை. எழுத்தாளரின் ரயில் டிக்கெட்டை நாங்கள் எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டோம், அதையும் கடை தலையில் ஏற்றியிருந்தால் நஷ்டம்தான். ஆனாலும் ஒரு புத்தகம் 17 பிரதி போயிருக்கிறது. நம் ஊரில் ஒரு புது நாவல் ஒரே கடையில் 17 பிரதி போவது சின்ன விஷயம் இல்லை.

ஏன் சின்ன விஷயம் இல்லை என்றால், தமிழ்ப் புத்தகம் இப்போது அச்சாகிற எண்ணிக்கை அப்படி. முன்பெல்லாம் ஒரு பதிப்பு என்றால் 1000, 1200 பிரதி. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் 100, 200 என்று போட்டுப் பார்க்கிறார்கள். அது விற்றால் அடுத்த 100. விற்காவிட்டால் அந்தப் புத்தகம் சத்தமில்லாமல் மறைந்துவிடும், யாரும் தடை செய்ய வேண்டாம். 200இல் 17 என்பது எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். மேசையில் புதுவரவைப் பார்த்துவிட்டு, அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, வீட்டில் போய் இருபது முப்பது ரூபாய் குறைவு என்று ஆன்லைனில் போடுகிற நண்பர்களே, உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். ஐந்து பிரதியும் போகாவிட்டால் அண்ணாச்சி அடுத்த முறை இரண்டுதான் வரவழைப்பார். இரண்டு பிரதியை வைத்து 14 பேர் படித்துவிட்டு வர முடியாது.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாவட்டம். இந்த மண்ணில் பிறந்தவர்களில் மட்டும் பொன்னீலன் 1994இலும், தோப்பில் முகமது மீரான் 1997இலும், நாஞ்சில் நாடன் 2010இலும் சாகித்ய அகாதமி வாங்கியிருக்கிறார்கள். சுந்தர ராமசாமி ‘காகங்கள்’ என்ற பெயரில் இலக்கியச் சந்திப்புகளைத் தன் வீட்டில் நடத்தியது இதே நாகர்கோவிலில்தான். கொஞ்சம் தள்ளிப் போனால் கேரளம். அங்கே கிராமத்து நூலகத்தில் ‘புஸ்தக சர்ச்ச’ என்று ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துப் பேசுவார்கள். 1945இல் பி.என். பணிக்கர் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கத்தை, அதாவது நூலகச் சங்கத்தை, தொடங்கியபோது நாமும் திருவிதாங்கூர்தான், பிறகு 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. தமிழ்நாட்டோடு சேர்ந்தது நமக்கு நல்லதுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வட்டமாக உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பேசும் பழக்கத்தை ஏன் விட்டுவிட்டு வந்தோம் என்று தோன்றுகிறது.

பதிப்பாளர் ஒருவர் என்னிடம் சொன்னார், புத்தகம் வந்த சூடு ஆறுவதற்குள் கூட்டம் போட்டால்தான் விற்கும், ஒரு மாதம் கழித்தால் எல்லோரும் அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்று. அவர் பயம் எனக்குப் புரிகிறது, பணம் போட்டவர் அவர். ஆனால் அந்த ஒரு மாதமும் கடையில் புத்தகம் மேசைமேல் இருக்கிறது, எழுத்தாளர் வரப்போகிறார் என்று வாங்குகிறவருக்குச் சொல்லப்படுகிறது. தேதி ஒன்று முன்னால் இருந்தால் புத்தகம் அலமாரிக்குப் போகாது, படுக்கைப் பக்கத்தில் இருக்கும். நானே அப்படித்தான் படித்து முடித்தேன், பரீட்சைப் பேப்பர் திருத்துகிற நாட்களில்.

இன்னும் ஒன்று, நேரம். ஞாயிறு காலை சர்ச் உண்டு, முகூர்த்த நாள் என்றால் கல்யாணமும் உண்டு. மாலை ஆறு மணி என்று வைத்தால் பெண்கள் வர முடியாது, வந்தாலும் பாதியில் எழுந்துவிடுவார்கள். நாலு மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுங்கள், வடசேரியில் பஸ் ஏறி எட்டு மணிக்குள் வீடு சேரலாம். போன ஞாயிறு 23 பேரில் 11 பேர் பெண்கள். இரவுக் கூட்டங்களில் நான் இப்படிப் பார்த்ததே இல்லை.

தங்கள் சொந்தப் பணத்தில் புத்தகம் போடுகிற நம் ஊர் எழுத்தாளர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். மண்டபம், ஃபிளெக்ஸ், நினைவுப்பரிசு என்று செலவழிக்கிற பணத்தில் இருபது பிரதியை இருபது நல்ல வாசகர்களிடம் கொடுத்து ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். அதில் பத்துப் பேர் படித்துவிட்டு வந்தாலும் போதும். உங்கள் எழுத்தை வரிவரியாகப் படித்த பத்துப் பேர் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த சந்திப்பு ஒரு கவிதைத் தொகுப்புக்கு. நேற்றுத்தான் பார்சல் பிரித்தார்கள், இதுவும் 5 பிரதி. ஒன்று என் பையில் இருக்கிறது, ஒன்றைக் குளச்சல் பெரியவர் போன் செய்து எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாராம். மீதி மூன்று மேசையில் இருக்கிறது. கவிஞர் வருவது அடுத்த மாதம் மூன்றாவது ஞாயிறு, நாலு மணி.