விளக்கைப் போடாமல் வந்து இடித்தது நீ, பாதிச் செலவு மட்டும் என் தலையிலா?

பத்து நாளாக மனசு ஆறவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகில் வழிவலைத் தொழில் செய்கிறவர்கள். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். வலையை விட்டுவிட்டு அதோடு மிதந்துகொண்டிருந்தோம். படகில் கம்பு நட்டு, மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டு விளக்கும் எரிகிறது. வலை விட்டிருக்கிறோம், விலகிப் போ என்பதற்கு அதுதான் அடையாளம். ராத்திரி இரண்டு மணி இருக்கும். டீசல் எஞ்சின் சத்தம் கேட்டது. நாலு பக்கமும் பார்க்கிறோம், ஒன்றுமே தெரியவில்லை. டார்ச் அடித்தால் இருபதடி தூரத்தில் ஒரு விசைப்படகின் அணியம், அதாவது முன்முனை, நிற்கிறது. சிவப்பு இல்லை, பச்சை இல்லை, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மச்சான் கத்திக்கொண்டே எஞ்சின் கயிற்றை இழுத்தான். அதற்குள் இடித்துவிட்டது. அவனுக்கு முழங்கை முறிந்தது, படகின் பக்கம் பிளந்தது, வலையில் பாதி அவர்களுடைய புரொப்பல்லரோடு போயிற்று. போனவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மோதிய படகு நின்று ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். சட்டமே இல்லை என்றாலும் மனுசன் அதைச் செய்ய வேண்டாமா?

கரையில் பேச்சுவார்த்தை நடந்தது. அங்கே கேட்டதுதான் இடித்ததைவிட வலித்தது. "நீங்க சின்னப் படகு, ஒதுங்கியிருக்கலாம்ல" என்றார் ஒருவர். "கடல்ல இதெல்லாம் சகஜம், ஆளுக்குப் பாதி போட்டுக்கிடுங்க" என்றார் இன்னொருவர். எதற்குப் பாதி? வலையோடு மிதக்கிற படகு எங்கே ஒதுங்கும்? 1972-இல் உலக நாடுகள் சேர்ந்து கடலில் மோதலைத் தவிர்க்க விதி போட்டன. இந்தியாவும் அதை ஏற்றிருக்கிறது. வலை போட்டுத் தொழில் செய்கிற படகுக்கு, சும்மா எஞ்சினில் ஓடுகிற படகு வழிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் வைக்க வேண்டும், நிறுத்த முடிகிற வேகத்தில்தான் ஓட வேண்டும் என்றும் இருக்கிறது. நஷ்டத்தை யார் தப்பு எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் பிரிக்க வேண்டும். தப்பைப் பிரித்துப் பார்க்கவே வழியில்லை என்றால்தான் சரிபாதி. எங்கள் விஷயத்தில் என்ன குழப்பம் இருக்கிறது, சொல்லுங்கள்.

விளக்கை ஏன் அணைக்கிறார்கள் என்பது கரையில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் விசைப்படகு காலை 5 மணிக்குப் போய் இரவு 9 மணிக்குள் திரும்ப வேண்டும். கரையை ஒட்டி மடி, அதாவது இழுவலை, இழுக்கக் கூடாது. இரண்டையும் மீறிவிட்டு, ரோந்துப் படகின் கண்ணில் படக்கூடாது என்று இருட்டாக வருகிறார்கள். அந்த இருட்டுக்குள்தான் நாங்கள் கிடக்கிறோம்.

ஐயா, விளக்கு உனக்கு வழி தெரிவதற்காக இல்லை. நீ இருக்கிறாய் என்று எனக்குத் தெரிவதற்காக. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. சிவப்பு மட்டும் தெரிந்தால் உன் இடப்பக்கத்தைப் பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக என் மேலேயே வருகிறாய். ஒரு வெளிச்சம் இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதப்போகிறோம் என்று அர்த்தம். இதையெல்லாம் அப்பா எனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தார். ஆனால் விளக்கே இல்லாத படகை எதை வைத்துப் பார்ப்பது?

இதற்கு நேர்மாறான கூட்டமும் உண்டு. படகு முழுக்க எல்இடி ஃபோகஸ் லைட்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்த வெள்ளையில் சிவப்பும் பச்சையும் கரைந்துவிடும், எந்தப் பக்கம் போகிறான் என்றே தெரியாது. எங்கள் கண்ணும் போய்விடும். இருட்டுக்குப் பழகின பார்வை திரும்பி வர இருபது முப்பது நிமிஷம் ஆகும். படகை ஓட்டுகிற அந்த ஸ்ராங்குக்கும் தன் தளத்து வெளிச்சத்தைத் தாண்டி ஒன்றும் தெரியாது. எட்டு நாட், அதாவது மணிக்கு எட்டுக் கடல் மைல், வேகத்தில் எதிரெதிரே வருகிற இரண்டு படகுகள் ஒரு கடல் மைலை நாலு நிமிஷத்துக்குள் தின்றுவிடும். அந்த நாலு நிமிஷத்தில் அவன் உள்ளே டீ குடித்துக்கொண்டு, சுக்கானைச் சின்னப் பையன் கையில் கொடுத்திருப்பான்.

நம் ஃபைபர் ஆட்களையும் விடமாட்டேன். பேட்டரி இறங்கிவிடும் என்று விளக்கை அணைத்து வைத்து, கப்பல் பக்கத்தில் வந்த பிறகு டார்ச் அடிக்கிறவர்கள் எத்தனை பேர்! ஃபைபரும் மரமும் கப்பல் ராடாரில் சரியாக விழாது. பெரிய கப்பல் நிற்க வேண்டுமென்றால் ஒரு மைலுக்கு மேல் ஓடித்தான் நிற்கும். 2017 ஜூனில் கொச்சிக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்த மீன்பிடிப் படகை ஒரு சரக்குக் கப்பல் நள்ளிரவுக்குப் பிறகு இடித்தது. படகிலிருந்தவர்கள் தூக்கத்தில் இருந்தார்கள். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு வெளியே நடந்த மோதலில் படகிலிருந்த 14 பேரில் இரண்டு பேரைத்தான் உயிரோடு மீட்டார்கள். அந்தப் 14 பேரில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இதைக் கேட்ட பிறகும் காவலுக்கு ஒரு ஆளை உட்கார வைக்காமல் எல்லாரும் ஒன்றாகப் படுப்பீர்களா? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறதா இல்லையா?

பாதிச் செலவை நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சுவார்த்தையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்ததிலிருந்து "ஊருக்குள்ள பகை வேண்டாம்" என்று தினமும் ஒரு ஆள் வீட்டுக்கு வருகிறார். வருகிறவர்களில் ஒருவர்கூட மச்சானின் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

நேற்று துறைமுகத்தில் அந்தப் படகைப் பார்த்தேன். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்க விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இன்னமும் வெறும் வயர்தான் தொங்குகிறது.