வேலை செய்துகொண்டிருந்த மோடத்தை ஏன் கொன்றீர்கள்?

விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதியோடு நின்றுபோயின. ஊரிலுள்ள சிறு வணிகர்கள் பலருடைய கணக்குகளும் வங்கி விவரங்களும் கிடக்கும் கணினியை அதற்குப் பிறகும் பழைய இயங்குதளத்தில் வைத்திருப்பது நியாயமில்லை என்று எண்ணி, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு அதை விண்டோஸ் 10க்கு மாற்றினேன். கோப்புகளை அழிக்காமல் இருந்த இடத்திலேயே மேம்படுத்தும் வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். தொடங்கும் முன் வட்டில் இடம் போதுமா, எந்தெந்த மென்பொருள்கள் ஒத்துவரும் என்றெல்லாம் சோதித்துவிட்டு, நிறுவலாம் என்று விண்டோஸ் 10இன் நிறுவல் நிரலே சொன்னது. விடிந்து பார்த்தால் கோப்புகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன, அச்சுப்பொறிகூட முன்போலவே வேலை செய்தது, இணையம் மட்டும் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கம்பிவழி இணையம் வரவில்லை. வீட்டுக்குள் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோட்டைத் தாண்டாது. அதனால் நான்கு ஆண்டுகளாக சிம் போட்டு இணையம் எடுக்கும் சிறிய யூஎஸ்பி மோடமான 4ஜி டேட்டா கார்டு ஒன்றை ஐந்து மீட்டர் யூஎஸ்பி நீட்சிக் கம்பியில் மாட்டி, மாடி ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுத்தான் என் தொழில் நடக்கிறது. ஜி.எஸ்.டி. தாக்கல் ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் தாமதக் கட்டணம். என் கணினி கோளாறுக்காக மளிகைக் கடைக்காரர் ஏன் அதைக் கட்ட வேண்டும்? அந்த வாரம் கெடுவுக்கு நான்கு நாள்களே இருந்தன.

டேட்டா கார்டில் எந்தப் பழுதும் இல்லை. செருகினால் பச்சை விளக்கு எரிந்தது, கணினியும் டிங் என்று ஒலி எழுப்பியது. ஆனால் கணினியின் கண்ணுக்கு அது ஒரு சிடி டிரைவாக மட்டுமே தெரிந்தது. இவ்வகை டேட்டா கார்டுகளுக்குள் சிறிய சேமிப்பிடம் ஒன்று உண்டு. முதலில் அது சிடி போல வேடமிட்டுத் தன் நிறுவல் மென்பொருளைக் காட்டும். கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவர் அமைந்த பின் கணினியிலிருந்து ஒரு கட்டளை போனால்தான் வேடத்தைக் கலைத்து மோடமாக மாறும். என் கணினியில் சில சமயம் அந்த மாற்றமே நடக்கவில்லை. நடந்தபோதும் விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு வந்து, 'இந்தச் சாதனத்தைத் தொடங்க இயலவில்லை, குறியீடு 10' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. ஏன் இயலவில்லை, எந்தக் கோப்பு இடிக்கிறது, அடுத்து நான் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு சொல் கிடையாது. டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னால், இந்தச் சாதனத்துக்கான மிகச் சிறந்த டிரைவர் ஏற்கெனவே நிறுவப்பட்டிருக்கிறது என்று பதில் வருகிறது. சாதனத்தைத் தொடங்கவே முடியாத ஒரு டிரைவரைச் சிறந்தது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அந்த வாக்கியத்தை நான் மூன்று நாள்களில் குறைந்தது முப்பது முறை பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் வயிறு எரிந்தது.

புதிய டிரைவர் இணையத்தில் இருக்கிறது, இணையத்துக்குப் போக டிரைவர் வேண்டும். மோடத்தை விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இந்தச் சிக்கல் முன்கூட்டியே தெரியாதா? வேறு எந்தக் கருவிக்கு வேண்டுமானாலும் டிரைவரை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம், மோடத்துக்குச் சொல்லலாமா? கடைசியில் கைப்பேசியை அதே ஜன்னல் விளிம்பில் வைத்து, யூஎஸ்பி கம்பி வழியாக இணைப்பைப் பகிர்ந்துதான் வெளியுலகை எட்டினேன். அழைப்பு வந்தால் இணைப்பு அறுந்தது. தினமும் 1.5 ஜிபி தீர்ந்ததும் வேகம் செத்தது.

அப்படிப் போராடித் தயாரிப்பாளரின் தளத்தை அடைந்தால், என் மாடலுக்கான பதிவிறக்கப் பக்கமே நீக்கப்பட்டிருந்தது. அழைத்துக் கேட்டேன். அது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்காகத் தனியாகச் செய்து கொடுத்த மாடல், டிரைவரை அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார்கள். தொலைத்தொடர்பு நிறுவனத்தைக் கேட்டால், நாங்கள் சிம்முக்கு மட்டும்தான் பொறுப்பு, கருவியைச் செய்தவரிடம் கேளுங்கள் என்றார்கள். கருவியின் மேல் அச்சடித்திருப்பது யாருடைய பெயர்? விற்றபோது பில் போட்டுப் பணம் வாங்கியது யார்? ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் காத்திருந்து, இணைப்பில் வந்த பிள்ளையிடம் முதலிலிருந்து கதையைச் சொன்னேன், அந்தப் பிள்ளையோ கணினியை அணைத்துப் போடச் சொல்வதைத் தாண்டி ஒன்றும் அறியவில்லை. அந்தப் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்கு மேல் எதையும் கற்றுக்கொடுக்காமல் அவரை வாடிக்கையாளர் முன் நிறுத்தியவர்களைத்தான் சொல்கிறேன்.

கடைத்தெருவில் கணினி பழுது பார்ப்பவர் கம்பியைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. ஃபார்மட் அடித்துவிடலாம், இல்லையென்றால் புது டேட்டா கார்டு வாங்கிவிடுங்கள் என்றார். பழைய நிறுவல் மென்பொருளை விண்டோஸ் 7இலேயே ஓடுவதாக அதை நம்பவைக்கும் இணக்க முறையில் ஓட்டச் சொல்லி வேறொருவர் யோசனை கொடுத்தார். அப்படிச் செய்தால் நிறுவும் நிரல் வேண்டுமானால் ஏமாந்து ஓடும். ஆனால் அது கொண்டுவந்து வைக்கும் டிரைவர் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வேலை செய்வது, அங்கே இந்த வேடம் செல்லாது. ஒரு முழு இரவு அதில் போனது.

மூன்றாம் நாள் இரவுதான், விண்டோஸ் கோப்புறைக்குள் ஐஎன்எஃப் என்ற உள்கோப்புறையில் கிடக்கும் சாதன நிறுவல் பதிவேட்டைத் திறந்து, டேட்டா கார்டைச் செருகிய நேரத்துக்கு நேரே இருந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அங்கே இரண்டு டிரைவர்கள் போட்டியிட்டிருந்தன. ஒன்று, 2015இல் தயாரிப்பாளர் கொடுத்து, மேம்படுத்தலின்போது அப்படியே புதிய இயங்குதளத்துக்குள் சுமந்துவரப்பட்ட பழைய டிரைவர். மற்றொன்று, மொபைல் இணைய மோடம்களுக்கான எம்பிம் என்னும் பொதுத் தரத்துக்காக விண்டோஸ் 8 முதலே இயங்குதளத்தோடு சேர்ந்து வரும் டிரைவர். ஒரு கருவியின் நிறுவன எண்ணையும் பொருள் எண்ணையும் துல்லியமாகச் சொல்லும் டிரைவருக்கே விண்டோஸ் முன்னுரிமை கொடுக்கும், அந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான டிரைவர் அதற்குப் பின்னால்தான் நிற்கும். பழையது என் மாடலின் எண்களைப் பெயர் சொல்லி உரிமை கோரியதால் ஒவ்வொரு முறையும் அதுவே வென்றது, வென்றபின் செயலிழந்து விழுந்தது. வேலை செய்யக்கூடிய டிரைவர் முதல் நாளிலிருந்தே என் வட்டில் இருந்திருக்கிறது!

அதன்பின் ஒரு மணி நேர வேலைதான். டிவைஸ் மேனேஜரில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொன்னேன். நான்கு ஆண்டுகளில் எந்தெந்த யூஎஸ்பி துளையில் செருகினேனோ அதற்கெல்லாம் தனித்தனியாக, மங்கலான எழுத்தில் பதினொரு பழைய பதிவுகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் டிரைவர் மென்பொருளோடு சேர்த்து நீக்கினேன். இணைப்பு மென்பொருளையும் நீக்கிவிட்டுக் கணினியை மறுதொடக்கம் செய்து மீண்டும் செருகினேன். அமைப்புகளில் 'செல்லுலார்' என்ற புதிய வரி தோன்றியது, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைய நுழைவாயிலான ஏபிஎன்னின் பெயரைக் கொடுத்ததும் இணைப்பு கிடைத்தது. தாக்கல்களைக் கெடு நாளன்று இரவு பதினொன்றரைக்கு முடித்தேன்.

நான் கேட்பது பெரிய சலுகை எதுவும் இல்லை. கருவியில் நான்கு ஆண்டுகளாக ஒரு குறையும் இல்லாதபோது, 'விண்டோஸ் 10க்கு மாறுகிறவர்கள் பழைய மென்பொருளை முதலில் நீக்கிவிடுங்கள்' என்று ஒரே ஒரு வரியை அந்தப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கக் கூடாதா? பக்கத்தை நீக்குவதற்குச் செலவிட்ட நேரம்கூட அதற்கு ஆகியிருக்காதே! எத்தனை பேர் இதே வரி இல்லாததால் நல்ல கருவியைக் குப்பையில் போட்டுப் புதியது வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் கொதிக்கிறது. பதிவேட்டைத் திறந்து படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அவருடைய நேரத்துக்கும் பணத்துக்கும் மதிப்பே இல்லையா?

இரண்டு வாரம் கழித்துத் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாம். இடையில் ஒருவரும் என்னை அழைக்கவில்லை, எந்தக் கோப்பும் அனுப்பவில்லை. தீர்த்தது யார், எப்படித் தீர்த்தார் என்று எழுத்தில் கேட்டு, அதே புகாரை மறுபடி திறந்திருக்கிறேன். எப்படித் தீர்ந்தது என்பதையும் அதிலேயே முழுதாக எழுதி, அடுத்து இதே மாடலோடு அழைக்கும் வாடிக்கையாளருக்கு இதையாவது படித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறேன்.