வயதானாலும் இன்சுலினை நிறுத்தக் கூடாது

"அறுபதைத் தாண்டினால் முதல் வகை நீரிழிவு தணிந்துவிடும், சாப்பாடு குறையும் நாளில் இன்சுலின் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைப் பின்பற்ற வேண்டாம். முதல் வகை என்பது கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடும் நோய்.

முதுமையில் சிலருக்குத் தேவைப்படும் இன்சுலின் அளவு குறைவது உண்மைதான். பசி குறைகிறது, எடை இறங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலில் அதிக நேரம் தங்குகிறது. ஆனால் கணையம் மீண்டும் சுரக்கத் தொடங்கிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு வாய் சாப்பிடாத நாளிலும் கல்லீரல் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அதைக் கட்டுப்படுத்தும் அடிப்படை இன்சுலினையும் நிறுத்தினால், ஓரிரு நாளிலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். காய்ச்சல், வாந்தி வந்த நாள்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முதியவர்களைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது தாழ்சர்க்கரையை, அதாவது ரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துபோவதை. பல்லாண்டு நோய்க்குப் பின் வியர்வை, நடுக்கம் போன்ற முன்னறிகுறிகள் மங்கிவிடுகின்றன. தனியாக வாழ்பவர் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். அதனால்தான் பல நோய்களோடு வாழும் முதியவர்களுக்கு எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) இலக்கை 8 சதவீதத்துக்குக் கீழ் என்று மருத்துவர்கள் தளர்த்துகிறார்கள். தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவி இவர்களுக்குப் பெரிய துணை.

அளவை மாற்ற வேண்டுமா? மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.